அப்பாவின் யூவி பைப்பைப் பழுது பார்த்தது

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு குளம் இருக்கிறது. மூவாயிரம் லிட்டர், எட்டு கோய் மீன்கள், அவ்வளவுதான். அதில் மிகக் கொழுத்த மீனுக்கு அப்பா வைத்த பெயர் தவுக்கே, அதாவது முதலாளி. போன வருடம் தவுக்கேவைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. முருங்கைக்கீரையை அரைத்துக் கரைத்த மாதிரி தண்ணீர். தீனி போடும்போது மட்டும் ஒரு வாய் மேலே வந்து மூடிக்கொண்டு போகும்.

"நீல லைட்டு எரியுதே, அப்புறம் ஏன் பச்சையா கிடக்கு?" என்று அம்மா கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் முழு பைப்பையும் கழற்றி மாட்டினேன்.

அந்த நீல லைட்டு அப்பா செய்தது. ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர். நாலு அங்குல பிவிசி பைப், இரண்டு முனையிலும் ஒரு டி (T வடிவ இணைப்பு), நடுவில் கண்ணாடி உறை, உறைக்குள் 30 வாட் யூவி (புற ஊதாக் கதிர்) லாம்பு. குளத்துத் தண்ணீர் ஃபில்டரைத் தாண்டி, பைப்புக்குள் உறையைச் சுற்றி ஓடி, மறுபடி குளத்தில் விழும். லாம்பின் 254 நானோமீட்டர் கதிர் பட்டால் மிதக்கும் பாசியின் மரபணு சிதைந்துவிடும், அது பெருகாது. செத்த பாசி திரிதிரியாகச் சேர்ந்து ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். கடையில் விற்பதும் இதே சங்கதிதான், மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய பைப் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். பைப்பும் அமைப்பும் பெரும்பாலும் தேறும். லாம்பு, ரப்பர், வயர் மூன்றும் புதிதாக வேண்டும். உறையைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதல் வேலை பிளக்கை உருவுவது. சுவிட்சை அணைத்தால் போதாது. உருவிய பிளக்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது நல்ல எண்ணத்தில் மறுபடி சொருகிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது அம்மா.

கழற்றிய பிறகு "எரியுதான்னு ஒரு தடவை பாத்துடலாம்" என்று என் அண்ணன் மகன் ஆரம்பித்தான். அந்த ஒரு தடவையே போதும், கண் புண்ணாகிவிடும். பட்டறையில் வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்கள் ராத்திரி எழுந்து, கண்ணில் மணலைக் கொட்டியது போலத் துடிப்பார்கள் என்று அப்பா சொல்லுவார். இதுவும் அதே வகைக் காயம். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் எரிய ஆரம்பிக்கும். தோலையும் வெயில் சுட்டது போலச் சுட்டுவிடும். லாம்பு பைப்புக்குள் இருந்து மூடியும் போட்ட பிறகுதான் கரண்ட். இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத விதி அது ஒன்றுதான்.

மின்பெட்டியைத் திறந்ததும் முதலில் விழுந்தது ஒரு பல்லி. காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால் குளவி கட்டிய மண் கூடு, லாம்பின் கரண்டைக் கட்டுப்படுத்தும் சோக் துருப்பிடித்து, வெடித்துப்போன வயர். ஆனால் ஒவ்வொரு வயரிலும் வெள்ளை டேப் சுற்றி, பேனாவால் 1 முதல் 7 வரை அப்பா எண் போட்டிருந்தார். வயரின் நிறம் மங்கிப்போயிருந்தாலும் எண்களைப் படிக்க முடிந்தது. உங்கள் பெட்டியில் எண் இல்லையென்றால் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் நாலு படம் எடுத்து, நீங்களே டேப் ஒட்டி எண் போடுங்கள். உள்ளே சோடா டின் போல உருண்டையாக ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் அதன் முனைகளைத் தொடாதீர்கள். பிளக் உருவிய பிறகும் பழைய கெப்பாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கலாம். அதை வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து பைப். இந்தக் கதிர் பாசியை மட்டுமல்ல, பிவிசியையும் அரிக்கும். வெள்ளை பைப் உள்ளே முதலில் மஞ்சளாகும், பிறகு தேத்தண்ணி நிறம், கடைசியில் சுண்ணாம்பு போல உதிரும். பத்துக் காசை எடுத்து உள்சுவரைச் சுரண்டிப் பாருங்கள். நிறம் மட்டும் மாறியிருந்து காசு வழுக்கினால் அது இன்னும் தாங்கும். மாவாக உதிர்ந்தால் அந்தத் துண்டை வெட்டிப் போடுங்கள்.

எங்கள் பைப்பின் நடுப்பகுதி புதிது போல இருந்தது. காரணம், அப்பா உள்ளே எவர்சில்வர் தகட்டைச் சுருட்டி நுழைத்திருந்தார். தெருமுனைக் காப்பிக்கடையில் பழைய சிங்க்கைக் கழற்றி வெளியே போட்ட அன்று அது எங்கள் வீட்டுக்கு வந்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. எவர்சில்வர் இந்தக் கதிரை அதிகம் திருப்பி அடிக்காது, ஆனால் பைப்பைக் காப்பாற்றும். அலுமினியம் நன்றாகத் திருப்பி அடிக்கும், ஆனால் தண்ணீரில் அரித்துப்போகும். ஆகவே எவர்சில்வர்தான் சரி. தகடு எட்டாத இரண்டு டி-யும் மட்டும் உதிர்ந்துபோயிருந்தன. அவற்றை அறுத்துவிட்டுப் புது டி ஒட்டி, பசை காய ஒரு நாள் முழுக்க விட்டேன். தகட்டில் படிந்திருந்த வெள்ளைப் படிவத்தை அம்மா பித்தளை விளக்கு தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். எலுமிச்சை உப்பு வாங்கி வைத்திருந்தேன், தேவைப்படவே இல்லை.

இனி கண்ணாடி உறை. எங்கள் குளம் பச்சையானதற்கு இதுதான் காரணம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உறை எதற்கு? லாம்பு நேராகத் தண்ணீரில் நனையாமல் இருக்க. இன்னொரு காரணமும் உண்டு. லாம்பு இதமான சூட்டில் இருந்தால்தான் முழுக் கதிரையும் தரும். சுற்றி ஓடும் தண்ணீர் அதை நேராகக் குளிர வைத்தால் கதிர் குறையும். நடுவில் இருக்கும் காற்று அதைத் தடுக்கிறது. ஆனால் உறை குவார்ட்ஸாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி நாம் பார்க்கும் வெளிச்சத்தை விட்டுவிடும், 254 நானோமீட்டரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். பெர்ஸ்பெக்ஸும் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) அப்படித்தான். வெளியே அழகாக நீலமாகத் தெரியும், பாசிக்கு ஒரு கதிர்கூடப் போய்ச் சேராது.

நாலு தீபாவளிக்கு முன் வீடு கழுவும்போது ஏணி சாய்ந்து எங்கள் உறை உடைந்தது. அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. ஒரு மீன் கடையில் "இதே சைஸ்தான்" என்று எடுத்துக் கொடுத்த குழாயை அண்ணன் வாங்கி வந்து மாட்டினார். சைஸ் சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகு வருடா வருடம் தண்ணீர் பச்சையானது. வெயில் என்றோம், தீனி அதிகம் என்றோம், இரண்டு லாம்பு மாற்றினோம். உறையை ஒருவரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது உடையாமல் நன்றாகத்தானே இருந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். உறையைக் கழற்றித் துடைத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் படுக்க வையுங்கள். வெட்டிய முனையின் விளிம்பைப் பாருங்கள், நீளவாக்கிலும் கண்ணை வைத்துப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் விளிம்பு ஜன்னல் கண்ணாடியின் ஓரம் போலப் பச்சையாகத் தெரியும். குவார்ட்ஸின் விளிம்பில் நிறமே இருக்காது, ஐஸ் கட்டியை உடைத்த மாதிரி வெளேரென்று இருக்கும். எங்களுடையது நல்ல பச்சை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு வருடக் கரண்ட் பில்லை நினைத்து, பின்வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

புது உறை வாங்கும்போது "குவார்ட்ஸ்" என்று கேட்டு வாங்குங்கள், விளிம்பைக் கடையிலேயே பாருங்கள். வெளி விட்டம் பழைய உறையோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ரப்பர் பிடிக்காது. பழைய உறையையும் பழைய ஓ-ரிங்கையும் (கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையம்) கையோடு கொண்டுபோய்விட்டால் அளவு பற்றிய பேச்சே வேண்டாம். வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் பட்ட எண்ணெய் நாளடைவில் சுட்டுக் கறையாகிவிடும். பருத்தித் துணியில் பிடித்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு உள்ளே செருகுங்கள்.

லாம்பிலும் ஏமாறலாம். யூவி என்று கேட்டால் சில இடங்களில் கரும் ஊதா நிறக் குழாயை எடுத்து நீட்டுவார்கள். அது டிஸ்கோவுக்கும் கள்ள நோட்டு பார்ப்பதற்கும் உள்ள லாம்பு, பாசியைக் கொல்லாது. நமக்கு வேண்டிய லாம்பின் கண்ணாடி தெள்ளத் தெளிவாக இருக்கும், வெள்ளைப் பூச்சு இல்லாமல், இரு முனையிலும் உள்ளே இழை தெரியும். 30 வாட் என்றால் முனையில் ஜி30டி8 என்று அச்சிட்டிருக்கும், நீளம் ஏறக்குறைய 90 செ.மீ. ஓசோன் வராத வகையாகக் கேளுங்கள். எல்இடி குழாய் அந்த ஹோல்டரில் அழகாகப் பொருந்தும், ஆனால் அது வராந்தாவுக்கு.

சோக் இப்போது கிடைப்பதுதான் கஷ்டம். எல்லாரும் எல்இடிக்கு மாறிவிட்டார்கள், தாமான் (குடியிருப்பு) பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் "அதெல்லாம் இப்ப வர்றதில்ல" என்பார்கள். நான் புடு ஜாலான் பாசாருக்குப் போனேன். மின்னணுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது, அப்பா என்னைச் சின்ன வயதில் கூட்டிப்போய், கடைக்காரர்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். மூன்றாவது கடையில் கிடைத்தது. சோக்கில் எழுதியிருக்கும் வாட்டும் லாம்பின் வாட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். "36 வாட் சோக்கும் ஓடும்" என்று முதல் கடையில் சொன்னார்கள். ஓடும், லாம்பைச் சீக்கிரம் தின்றும்விடும். ஸ்டார்ட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை, 4 முதல் 65 வாட் வரை என்று எழுதியது எங்கும் கிடைக்கும். முனை ஹோல்டர்கள் ரப்பர் மூடி போட்ட, ஈரம் புகாத வகையாக இருக்கட்டும்.

இப்போது கரண்ட் கொடுக்கலாமா? இன்னும் இல்லை. முதலில் தண்ணீர் மட்டும்.

உறையின் இரு முனையிலும் புது ஓ-ரிங் போட்டு, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி, நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனர் எடுத்தால் குவார்ட்ஸ் உடையும். வாசலின் வேண்டாம், சில ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். பிறகு லாம்பு போடாமல், காலியாக இருக்கும் உறைக்குள் டிஷ்யூ பேப்பரை நீளமாகச் சுருட்டி, அகர்பத்தி அளவுக்கு முறுக்கி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தள்ளுங்கள். பம்பை ஓட விட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் டிஷ்யூவை உருவுங்கள். வறண்டு வந்தால் சரி. எங்கள் டிஷ்யூ முதல் நாள் ஒரு முனையில் மட்டும் கட்டைவிரல் அளவு நனைந்து வந்தது. வெளியே ஒரு சொட்டுகூடக் கசியவில்லை, கையால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது. அந்தப் பக்க ரிங்கில் மீன் செதில் போல ஒரு பிவிசி சீவல் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஒரு நாள் ஓட்டினேன். இரண்டாவது டிஷ்யூவில் ஈரமே இல்லை. அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், ஏன் என்று தெரியவில்லை.

மின் வேலையில் நான் செய்தது பெட்டிக்குள் சாமான்களை அடுக்கியது மட்டும்தான். இணைப்பும் புது பிளக் பாயிண்ட்டும் பதிவு பெற்ற வயர்மேன் செய்தார். 240 வோல்ட்டும் தண்ணீரும் கையளவு தூரத்தில் இருக்கிற வேலை, இதில் காசு பார்க்காதீர்கள். அவர் செய்ததையும் சொல்கிறேன், உங்கள் வயர்மேனிடம் கேட்க உதவும். மழை புகாத பெட்டி, வயர் எல்லாம் அடியிலிருந்து உள்ளே நுழைகிறது, நுழைவதற்கு முன் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏறுகிறது, அதனால் வழியும் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். பைப்புக்குள் இருக்கும் எவர்சில்வர் தகட்டுக்கும் எர்த் வயர் கொடுத்தார். அப்பா கொடுக்காமல் விட்டது அது ஒன்றுதான். நாளைக்கு உறை உடைந்து கரண்ட் தண்ணீரில் இறங்கினால் அது எர்த்துக்கு ஓடும், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) அந்த நொடியே விழுந்துவிடும். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

பம்பும் யூவியும் ஒரே சுவிட்சில் இருக்கட்டும். பம்பு நின்று லாம்பு மட்டும் எரிந்தால் தேங்கிய தண்ணீர் சூடாகிவிடும். ஆனால் ஏர் பம்பை வேறு சர்க்யூட்டில் வையுங்கள். கோலாலம்பூரில் சாயங்காலம் இடி இடித்து ஆர்சிசிபி விழுவதும், வீட்டில் யாரும் இல்லாமல் இருப்பதும் ஒரே நாளில்தான் நடக்கும்.

மாட்டும்போது தண்ணீர் கீழ் முனையில் நுழைந்து மேல் முனையில் வெளியேற வேண்டும், அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. ஃபில்டருக்குப் பிறகு மாட்டுங்கள், அழுக்குத் தண்ணீரில் கதிர் தூரம் போகாது. வெளியேறும் முனையில் ஒரு விரல் நீளம் வெளிச்சம் மங்கலாகத் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் போட்டால் லாம்பு எரிகிறதா என்பது அதில் தெரியும் மங்கிய நீலத்திலேயே தெரிந்துவிடும், எதையும் திறக்க வேண்டாம்.

ஓட்டத்தின் வேகத்தை பம்பு அட்டையில் எழுதியதை வைத்து நம்பாதீர்கள். 20 லிட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். எனக்கு 24 வினாடியில் நிறைந்தது, அதாவது மணிக்கு 3000 லிட்டர், குளம் மணிக்கு ஒரு முறை சுற்றுகிறது. எங்கள் பைப்பில் உறை போக ஏறக்குறைய 7 லிட்டர் நிற்கும், ஆகத் தண்ணீர் உள்ளே இருப்பது எட்டு வினாடி. மிதக்கும் பாசிக்கு இது போதும். வெள்ளைப் புள்ளி நோய்க் கிருமிக்கு இதைவிட அதிகக் கதிர் வேண்டும், அதற்கு வால்வைத் திருப்பி ஓட்டத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைக்க வேண்டியிருக்கும். அப்போதும் நீந்தித் திரியும் பருவத்துக் கிருமிதான் சாகும், மீன் தோலுக்குள் இருப்பது சாகாது.

ஓட ஆரம்பித்த பிறகு தினமும் காலையில் அம்மாவின் பழைய வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் குளத்தில் இறக்கிப் பார்த்தேன். முதல் நாள் ஒரு சாண் ஆழத்தில் தட்டு மறைந்தது. மூன்றாம் நாளும் அப்படியேதான், எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் கலங்கலாக மாறி, ஃபில்டர் ஸ்பாஞ்சு சேறாக அடைத்துக்கொண்டது. அது நல்ல அறிகுறி, பாசி சாகிறது. இந்த நாட்களில் தீனியைக் குறைத்து, ஏர் பம்பை முழு வேகத்தில் விடுங்கள், செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு குறையும். ஸ்பாஞ்சைத் தினம் பிழியுங்கள், குளத்துத் தண்ணீரில்தான், குழாய்த் தண்ணீரில் வேண்டாம், குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஒன்பதாம் நாள் தட்டு தரையைத் தொட்டும் தெரிந்தது. அதன் பக்கத்தில் தவுக்கே, முன்பைவிடக் கொழுத்து.

சுவரில் முடி போல வளரும் பாசியை யூவி ஒன்றும் செய்யாது, அது பைப்புக்குள் வரப்போவதில்லை, பிரஷ்தான் வழி. மீன் நோய்க்குப் பச்சை மருந்தோ (மலக்கைட் கிரீன்) பெர்மாங்கனேட்டோ போடும் நாட்களில் லாம்பை மட்டும் அணைக்க வேண்டும், எரிந்தால் மருந்து வீணாகும். அதற்காகவே வயர்மேனிடம் சொல்லி லாம்புக்குத் தனியாக ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக்கொண்டேன்.

லாம்பு ஏறக்குறைய 9000 மணி நேரம் வேலை செய்யும், விடாமல் எரிந்தால் ஒரு வருடக் கணக்கு. அதன் பிறகும் நீலமாக எரிந்துகொண்டிருக்கும், கதிர் மட்டும் தேய்ந்திருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் தேதியை நம்புகிறேன். பெட்டி மூடியின் உள்பக்கம் மாட்டிய தேதியை எழுதி, ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு வாரம் முன்பு மாற்றுவது என்று வைத்திருக்கிறேன், உறையையும் அன்றே கழற்றித் துடைத்துவிடலாம். பழைய லாம்பில் பாதரசம் இருக்கிறது, குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள். கை தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்து, கையுறை போட்டு, கெட்டி அட்டையால் வாரி, மிச்சத்தை டேப்பால் ஒற்றி எடுங்கள். துடைப்பமும் வாக்குவமும் கூடாது.

அந்தப் பச்சை விளிம்புக் கண்ணாடிக் குழாயை எறியப் போனேன், அம்மா விடவில்லை. இப்போது அதைத் தொட்டியில் நட்டு, மணிபிளாண்ட் கொடியை அதன் மேல் ஏற்றிவிட்டிருக்கிறார்.